இராமாநுஜனும் அடுக்கு மூலங்களும்

கல்லூரியிற் கணிதம் பயிலும் மாணாக்கர் பலர்க்கு, மூலங்களைப் பற்றிய பாடம் என்றாலே ஒருவகைச் சோர்வு உண்டாதல் இயல்பு. வர்க்கமூலத்தின் உள்ளே கனமூலமும், அதன் உள்ளே மற்றொரு மூலமுமாகக் குறிகள் ஒன்றையொன்று போர்த்து நிற்குமிடத்து, இவற்றை அவிழ்ப்பதனால் வரும் பயன் யாதென்று அவர்கள் வினவுகின்றனர். அவ்வினாவிற்கு ஒரு மனிதரின் சரித்திரத்தையே விடையாகக் கூறலாம் என்பது நமது எண்ணம். அவர் ஒரு ஜவுளிக்கடைக் குமாஸ்தாவின் மகன். கல்லூரிப் பரீட்சையில் மீண்டும் மீண்டும் தவறியவர். முப்பத்திரண்டு ஆண்டுகளே உலகில் வாழ்ந்தவர். ஸ்ரீநிவாச இராமாநுஜன் என்னும் அப்பெரியாருடைய வாழ்க்கையை முற்றும் எழுதப் புகுதல் இச்சிறு வியாசத்தின் நோக்கமன்று. மூலங்கள் என்னும் ஓர் இழையைப் பற்றிக்கொண்டு அவ்வாழ்க்கையின் ஊடே சென்று வருவதே நாம் மேற்கொண்ட காரியம்.

நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு காவிரிக்கரையார் ஒருவரைப் பற்றி நாம் எழுதுவது எற்றுக்கு எனின், அவர் தொடங்கிவைத்த பணியின் ஒரு கிளை, நாகர்கோவிலிற் கற்ற மாணாக்கர் ஒருவரிடம் வந்து தழைத்தது என்பதே காரணம். அதனை இறுதியிற் கூறுவோம்.

சரித்திரத்துள் நுழையுமுன், மூலங்களை எழுதும் முறையைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்வது நலம். 2 என்னும் எண்ணை மும்முறை எழுதிப் பெருக்கினால் 8 வரும். அதனை 2-இன் 3-ஆம் அடுக்கு என்கிறோம். ஒரே எண்ணின் அடுக்குகளைப் பெருக்குமிடத்து அடுக்குக் குறிகளைக் கூட்டினாற் போதும். இவ்விதியையே கைவிளக்காகக் கொண்டு ஒரு கேள்வி கேட்போம். 5-இன் வர்க்கமூலத்தை அதனோடு பெருக்கினால் 5 வருகிறது. 5 என்பது 5-இன் முதல் அடுக்கு. எந்தக் குறியை அதனோடு கூட்டினால் 1 வரும்? 1/2 அன்றோ? ஆதலின் வர்க்கமூலம் என்பது 1/2 அடுக்கு. கனமூலம் என்பது 1/3 அடுக்கு. ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் ஜான் வாலிஸ், ஐசக் நியூட்டன் என்பவர்கள் இப்பின்ன அடுக்குகளை வழக்கிற் கொண்டுவந்தனர். இதனால் விளைந்த நன்மை பெரிது. 2-இன் வர்க்கமூலத்தையும் 2-இன் கனமூலத்தையும் பெருக்க வேண்டின், 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2-இன் 5/6 அடுக்கு என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 64-இன் கனமூலத்திற்கு வர்க்கமூலம் யாதெனின், 1/3-ஐயும் 1/2-ஐயும் பெருக்க 1/6 ஆகும். 64-இன் 1/6 அடுக்கு 2.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. இவ்விதிகள் பெருக்கலுக்கு இசைவனவேயன்றிக் கூட்டலுக்கு இசைவன அல்ல. 9-ஐயும் 16-ஐயும் பெருக்கி மூலம் எடுத்தாலும், தனித்தனியே மூலம் எடுத்துப் பெருக்கினாலும் 12-தான் வரும். கூட்டி மூலம் எடுத்தால் 5 வரும். மூலம் எடுத்துக் கூட்டினால் 7 வரும். மூலக்குறியின் உள்ளே ஒரு கூட்டல் புகுந்துவிட்டால் எளிய விதிகள் யாவும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. இராமாநுஜன் விளையாடிய களம் அவ்வாசலுக்கு அப்பால் உள்ளது.

அவர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆந் தேதி, ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார்; தாயார் கோமளத்தம்மாள். வளர்ந்ததும் கற்றதும் கும்பகோணத்தில். டவுன் ஹைஸ்கூலிற் பயின்ற காலத்திலேயே கணிதத்தில் அவருக்கு இணை ஒருவரும் இலர் என்று ஆசிரியர்கள் உணர்ந்திருந்தனர். 1903-ஆம் ஆண்டில் ஜி. எஸ். கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்குக் கிடைத்தது. பரீட்சைக்குப் படிப்போர்க்காக ஐயாயிரம் அளவான கணித முடிபுகளை வரிசைப்படுத்திக் கூறும் நூல் அது. நிரூபணங்கள் அதிற் பெரும்பாலும் இல்லை. வேறொரு மாணாக்கர்க்கு அது வெறும் அட்டவணையாகத் தோன்றியிருக்கும். இராமாநுஜனோ ஒவ்வொரு முடிபையும் தாமே நிறுவப் புகுந்து, நிறுவும் வழியிற் புதியன பலவற்றைக் கண்டார். காகிதம் வாங்கப் பொருள் போதாமையால் கற்பலகையிற் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிபை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். வழி அழிந்துபோயிற்று, முடிபு நின்றது. அவர் எழுத்தின் சிறப்பும் குறையும் அக்கற்பலகையிலேயே தொடங்கின எனலாம்.

1904-இல் உபகாரச் சம்பளம் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மனம் ஒன்றிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் நின்றது. அவமானம் பொறாது 1905-இல் ஒருவருக்கும் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை சென்று மீண்டார். 1906-இற் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும், அவ்வாண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் எழுதிய எஃப். ஏ. பரீட்சைகளில் தேறவில்லை. அக்காலத்தில் அப்பரீட்சை தேறாதார்க்குச் சர்வகலாசாலைக் கதவு திறப்பதில்லை. 1909-இல் ஜானகியம்மாளுடன் விவாகம் நடந்தேறியது. இல்லறக் கடமை தலைமேல் ஏறியது, வருவாய் இல்லை. கையில் இருந்தவை அந்நோட்டுப் புத்தகங்கள் மாத்திரமே.

1910-ஆம் ஆண்டில் அப்புத்தகங்களைச் சுமந்துகொண்டு திருக்கோவிலூர் சென்றார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்த வி. இராமஸ்வாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். இராமாநுஜன் வேண்டியது தாலுக்கா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த ஐயர், இத்தகைய அறிவை ரெவினியூ இலாகாவின் கீழ்ப்படியில் வைத்துப் புதைக்க மனம் ஒவ்வாதவராய், சென்னையிலிருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அவர் தம் கைப்பொருளிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து, இராமாநுஜன் கவலையின்றிக் கணிதஞ் செய்ய இடங்கொடுத்தார். பரீட்சைத் தாள் காட்டாத ஒன்றை நோட்டுப் புத்தகத்திற் கண்டவர்கள் இவ்விருவரும்.

1911-இற் கணித சங்கத்தின் சஞ்சிகையில் அவர் பெயர் முதன்முதல் அச்சேறியது. அவ்வாண்டில் அவர் வாசகர்க்கு விடுத்த வினாக்களுள் 289-ஆம் எண்ணுடையது மிகப் பிரசித்தமானது. கீழ்க்காணும் முடிவில்லாக் கோவையின் விலை யாது என்பதே வினா.

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

வாழைமரத்தின் மட்டையை ஒவ்வொன்றாக உரிப்பார்போல உள்ளே செல்லச் செல்ல, மட்டைமேல் மட்டையாக வருகிறதேயன்றித் தண்டு அகப்படுவதில்லை. சஞ்சிகையின் இதழ்கள் சில வந்து போயின. விடை அனுப்பினார் ஒருவரும் இலர். இறுதியில் வினாவியவரே விடையும் கூறினார். விடை 3.

அவர் வழி, வெளியிலிருந்து உரிப்பதன்று. 3-ஐயே பிடித்துக்கொண்டு மட்டைகளைக் கட்டுவது. 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1-உடன் 2 × 4 சேர்ந்தது. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1-உடன் 3 × 5 சேர்ந்தது. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1-உடன் 4 × 6 சேர்ந்தது. இவ்வாறே 6, 7, 8 எனச் செல்லுமிடத்து, வினாவிலுள்ள கோவை தானே உருவாகிவிடுகிறது. நான்காம் வகுப்புச் சிறுவனும் சரிபார்க்கத்தக்க கணக்கு இது. ஆயினும் இதனைக் காண ஓர் இராமாநுஜன் வேண்டியிருந்தது.

இங்கே கூர்மையுள்ள மாணாக்கர் ஒருவர் ஆட்சேபம் கூறலாம். 3-க்குச் செய்த வித்தையை 4-க்கும் செய்யலாமன்றோ? 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1-உடன் 2 × 7½ சேர்ந்தது. 7½-ஐ அவ்வாறே அவிழ்த்தால் உள்ளே 18-க்குச் சிறிது மேற்பட்ட எண் வருகிறது. அதனை அவிழ்த்தால் 84-க்கு மேல். அதனையும் அவிழ்த்தால் 1,400-க்கு மேல். இப்படியே முடிவின்றிச் சென்றால் அதே கோவையின் விலை 4 என்றும் ஆகிவிடுமே? ஆட்சேபம் நியாயமானது. இராமாநுஜன் அச்சிட்ட விடை இதற்குச் சமாதானம் கூறவில்லை. சமாதானம் பின்ன அடுக்கில் இருக்கிறது.

கோவையை ஏதேனும் ஓரிடத்தில் வெட்டி, உள்ளே மிஞ்சியதற்குப் பதிலாக 1-ஐ வைத்துப் பார்ப்போம். முதல் மட்டையிலேயே வெட்டினால் விலை 1.73, இரண்டாவதில் 2.24, மூன்றாவதில் 2.56, நான்காவதில் 2.76. இனி, இராமாநுஜன் கட்டிய ஏணியில் 13 நிற்கவேண்டிய இடத்தில் வெட்டி 1-ஐ வைத்தோம் என்க. பதின்மூன்றில் ஒரு பங்கையே வைத்தோமாதலாற் குறை பெரிது. ஆனால் அக்குறை ஒரு மூலக்குறியைக் கடந்து வெளியே வரும்போது 1/13-இன் 1/2 அடுக்காகச் சுருங்குகிறது. இரண்டைக் கடந்தால் 1/4 அடுக்கு. மூன்றைக் கடந்தால் 1/8 அடுக்கு. உடன் நிற்கும் 1 அக்குறையை இன்னும் தணிக்குமேயன்றி மிகுவிப்பதில்லை. பத்து மூலங்களையும் கடந்து வெளியே வருங்கால் அது 1/13-இன் 1/1024 அடுக்கு, அஃதாவது 0.997-க்கு மேற்பட்ட எண். எனவே கிடைக்கும் விலை 3-இல் ஆயிரத்துக்கு மூன்று பங்கும் குறையாது. மேலும் உள்ளே சென்று வெட்டினால் குறை மேலும் அருகும். 4-ஐக் கொண்டு கட்டிய ஏணியிலோ உள்ளெண்கள் ஏறத்தாழ வர்க்கம் வர்க்கமாகப் பெருகுகின்றன. பாதி பாதியாகக் குறையும் அடுக்கு அப்பெருக்கை அடக்கவல்லதன்று. ஆதலின் 3 மெய், 4 பொய்.

இத்தகைய மூலக்கோவை எப்போது ஓர் எல்லைக்குள் அடங்கும் என்பதற்குப் பொதுவான இலக்கணம் கூறியவர், ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்ற தமிழரான டி. விஜயராகவன். உள்ளே வரிசையாக நிற்கும் எண்களுக்கு முறையே 1/2, 1/4, 1/8 என அடுக்கிட்டுக் காணும்போது, அவை ஓர் எல்லையைக் கடவாதிருப்பின் கோவையும் அடங்கும், கடப்பின் அடங்காது. 1927-இல் வெளிவந்த இராமாநுஜன் கட்டுரைத் தொகுதியில் இக்குறிப்பு இடம்பெற்றது. ஒருவர் கண்டதை மற்றொருவர் காவல் செய்தார்.

இராமாநுஜன் தந்த வேறொரு சமன்பாட்டையும் இங்கே காட்டுதல் தகும்.

∛(∛2 − 1) = ∛(1/9) − ∛(2/9) + ∛(4/9)

இடப்பக்கம் கனமூலத்துள் கனமூலம். வலப்பக்கம் தனித்தனியான மூன்று கனமூலங்கள். 2-இன் 1/3 அடுக்கை அ என்று கொள்வோம்; அ³ = 2. (1 − அ + அ²) என்பதை (1 + அ)-ஆற் பெருக்கினால் 1 + அ³, அஃதாவது 3. ஆகவே (1 − அ + அ²) என்பது 3-ஐ (1 + அ)-ஆல் வகுத்த ஈவு. இனி (1 + அ)-இன் கனம் 1 + 3அ + 3அ² + 2. அது 3(1 + அ + அ²). (1 + அ + அ²) என்பதை (அ − 1)-ஆற் பெருக்கினால் அ³ − 1, அஃதாவது 1. ஆகவே (1 + அ)-இன் கனம், 3-ஐ (அ − 1)-ஆல் வகுத்த ஈவு. இவ்விரண்டையும் சேர்த்தால், (1 − அ + அ²)-இன் கனம் 9(அ − 1) என்று வருகிறது. இருபுறமும் 1/3 அடுக்கு எடுத்து 9-இன் கனமூலத்தால் வகுக்க, சமன்பாடு நிலைபெறுகிறது. மூலக்குறியோடு போராடினால் ஒரு பக்கம் நிரம்பும் கணக்கு, அடுக்குக் குறியாகப் பெயர்த்து எழுதியவுடன் சில வரிகளில் முடிகிறது. மாணாக்கர் இதனைத் தம் கையால் எழுதிப் பார்ப்பாராக.

1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இராமாநுஜன் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்திற் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். தலைவர் ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையும் ஆதரவு காட்டினார். இங்கிலாந்தின் கணித அறிஞர்க்கு எழுதிப் பார்க்குமாறு நண்பர்கள் தூண்டினர். முதலில் எழுதிய கடிதங்கள் பயன் தரவில்லை. 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆந் தேதியிட்டுக் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிப் பேரறிஞர் ஜி. எச். ஹார்டிக்கு எழுதிய கடிதமே வாழ்வை மாற்றியது. நிரூபணம் இன்றி நூற்றுக்கு மேற்பட்ட முடிபுகள் அதில் நிறைந்திருந்தன. அவற்றுள் ஒன்று, முடிவில்லாத் தொடர்பின்னம் ஒன்றின் விலையை, 5-இன் வர்க்கமூலத்தை மற்றொரு வர்க்கமூலத்துள் வைத்த கோவையால் தெரிவித்தது. ஹார்டி அக்கடிதத்தைத் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரமான கணித அறிஞர் என்று முடிவு செய்தார். சென்னைச் சர்வகலாசாலையும் தன் விதிக்கு விலக்களித்து, பட்டம் இல்லாத இவர்க்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் வழங்கியது. 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆந் தேதி அவர் கப்பலேறினார்.

அவ்வாண்டிலேயே வெளிவந்த அவர் கட்டுரையொன்றில், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் பை என்னும் எண்ணுக்கு நெருங்கிய விலைகள் பல உள்ளன. 2143-ஐ 22-ஆல் வகுத்து 1/4 அடுக்கு எடுத்தால் அவ்விலை எட்டுத் தசமஸ்தானம் வரை பொருந்தும் என்பது அவற்றுள் ஒன்று. அக்கட்டுரையில் வரும் தொடர் ஒன்றைக் கொண்டு 1985-இல் ஒருவர் கணிப்பொறியால் பையின் விலையை ஒரு கோடியே எழுபது லட்சம் ஸ்தானம் வரை கணக்கிட்டார்.

கேம்பிரிட்ஜில் ஹார்டி அவருக்கு நிரூபணத்தின் அவசியத்தை உணர்த்தினார்; அவருடைய ஊற்றைத் தூர்த்துவிடாதபடி மிக எச்சரிக்கையாகவே அதனைச் செய்தார். இருவரும் சேர்ந்து 1918-இல் வெளியிட்ட கட்டுரை, ஓர் எண்ணை எத்தனை வகையாகக் கூட்டல்களாய்ப் பிரிக்கலாம் என்னும் கணக்கைத் தீர்த்தது. 4-ஐ ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200-ஐயோ 3972999029388 வகையாகப் பிரிக்கலாம். இக்கணக்கிற்கு அவர்கள் வகுத்த வட்ட முறை பின்னர் எண்ணியலின் பெருங்கருவியாயிற்று. அதே ஆண்டில் இராமாநுஜன் ராயல் சங்கத்தின் அங்கத்தினராகவும், டிரினிடி கல்லூரியின் பெல்லோவாகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆனால் யுத்த காலத்து உணவுத் தட்டுப்பாடும், குளிரும், தனிமையும் சைவ உணவினரான அவருடைய தேகத்தை முன்னமே நலிவித்திருந்தன. 1917 முதல் வைத்திய விடுதிகளிலேயே பெரும்பாலும் காலங்கழித்து, 1919-இல் தாயகம் மீண்டார். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். நோய்ப்படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. அக்கடைசிக் காலத்துத் தாள்கள் பல்லாண்டுகள் கண்ணிற் படாது கிடந்து, 1976-இல் டிரினிடி கல்லூரி நூல்நிலையத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்பவரால் கண்டெடுக்கப்பட்டன.

இனி நாம் முன்னே வாக்களித்த செய்தி. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901-இற் பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை என்னும் சிவசங்கரநாராயண பிள்ளை. இளமையிலே பெற்றோரை இழந்து, ஆசிரியர் ஒருவரின் பொருளுதவியாற் கற்றவர். இண்டர்மீடியட் வகுப்புக்கு அவர் வந்து சேர்ந்த இடம், அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்த நாகர்கோவிலில் உள்ள ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. இங்கிருந்து திருவனந்தபுரமும், பின்னர்ச் சென்னையும் சென்று கணித ஆராய்ச்சியில் இறங்கினார்.

அவர் எடுத்துக்கொண்ட பொருளும் அடுக்குகளைப் பற்றியதே. பத்து லட்சம் வரையுள்ள எண்களில் வர்க்கங்கள் எத்தனை? பத்து லட்சத்தின் 1/2 அடுக்கு, 1000. கனங்கள் எத்தனை? 1/3 அடுக்கு, 100. ஆறாம் அடுக்குகள் 1/6 அடுக்காகிய 10 மாத்திரமே. இவ்வாறு அருகிக் கிடக்கும் ஆறாம் அடுக்குகளைக் கொண்டு எல்லா எண்களையும் கூட்டி அமைக்க வேண்டின், எத்தனை ஆறாம் அடுக்குகள் போதும்? 1770-இல் வாரிங் எழுப்பிய பிரச்சினையின் ஒரு பகுதி இது. ஹார்டியும் இராமாநுஜனும் தொடங்கிய வட்ட முறையைப் பிற்காலத்தார் வளர்த்த வழியில் நின்று, 73 போதும் என்று 1940-இல் நிறுவினார் பிள்ளை. 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆந் தேதி, அமெரிக்காவில் நடைபெறவிருந்த உலகக் கணித மகாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோவுக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் அவர் மாண்டார். கும்பகோணத்துக் கற்பலகையில் தொடங்கிய கோடு நாகர்கோவில் வகுப்பறை வழியாகவும் சென்றது என்பதில் நமக்குள்ள மகிழ்ச்சி, இம்முடிவை எண்ணுந்தோறும் துயரத்தோடு கலந்தே வருகிறது.

இச்சரித்திரத்திலிருந்து, பரீட்சை வேண்டுவதில்லை என்று மாணாக்கர் கொள்வாராயின் அது பிழை. இராமாநுஜன் தவறியதனால் உயர்ந்தவர் அல்லர். தவறியும் கணக்கை விடாமையால் உயர்ந்தவர். அங்ஙனம் விடாதிருக்க அவரால் இயன்றதும், இராமஸ்வாமி ஐயர் நோட்டுப் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுக்காமையால், இராமச்சந்திர ராவ் 25 ரூபாய் அனுப்பியமையால், ஹார்டி ஒரு குமாஸ்தாவின் கடிதத்தை முழுதும் படித்தமையால். இவர்களுள் ஒருவர் சிறிது பொறுமை குறைந்திருப்பினும் அக்கோவை இடையிலேயே அறுந்துபோயிருக்கும். நம் வகுப்புகளிலும் பின்வரிசையில் ஒருவர் ஆங்கிலத் தாளை மறந்து ஏதோ ஒரு மூலத்தை அவிழ்த்துக்கொண்டிருக்கலாம். ஆசிரியராயினும் தோழராயினும், அவர் எழுதியதை வாங்கி ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நமது கடமை.